கொடுங்கோல் ஆட்சியில் வசதியாக வாழும் பாத்திரத்தை எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

டிஸ்டோபியா கதை, அதாவது கொடுங்கோன்மை நிலவும் கற்பனை உலகத்தின் கதை, எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்றுதான் தொடங்குகிறார்கள். பசி, பயம், தப்பி ஓடுவது எல்லாம் அங்கேதான் இருக்கின்றன என்பதால் அது இயல்பு. ஆனால் அந்த ஆட்சி ஏன் இத்தனை வருஷமாக விழாமல் நிற்கிறது என்று கேட்டால், பதில் வேறொரு வீட்டில் இருக்கிறது. குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும் வீட்டில். அந்த வீட்டில் இருப்பவரின் கண்வழியே கதை சொல்வது பற்றித்தான் இந்த வழிகாட்டி.

இப்படிப்பட்ட பாத்திரம் வழக்கமாக இரண்டு விதத்தில் கெட்டுப்போகிறது. சிலர் அவரைத் தான் கெட்டவன் என்று தெரிந்தே கெட்டது செய்பவராக எழுதுகிறார்கள். சிலர் முதல் பக்கத்திலேயே அவர் மனசுக்குள் ஒரு புரட்சியாளரை ஒளித்து வைத்துவிடுகிறார்கள். இரண்டிலும் எழுதுபவரின் மனசாட்சிதான் பேசுகிறது, பாத்திரம் பேசவில்லை. நான் நம்புவது இதுதான்: பார்க்காமல் இருப்பது என்பது சலுகை பெற்றவர் தினமும் உழைத்துச் செய்கிற வேலை. அதற்குப் பயிற்சி வேண்டும், தனிச் சொற்கள் வேண்டும், சில நேரம் நல்ல குணம்கூட வேண்டும். அந்த உழைப்பைக் காட்டினால் பாத்திரம் எழுந்து நடக்கும்.

உதாரணத்துக்கு ஒருத்தியை வைத்துக்கொள்வோம். பெயர் தாரா. வயது நாற்பது. குடிமக்களை மூன்று தரமாகப் பிரித்து, தரத்துக்கு ஏற்றபடி தண்ணீர் விடும் ஒரு கற்பனை நகரம். கணவர் நீர் ஒதுக்கீட்டுத் துறையில் மேலதிகாரி. தாரா முதல் தரத்துக் குழந்தைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியை.

படி 1: சலுகை எந்த வழியில் வந்தது என்று முடிவு செய்யுங்கள்

பிறப்பால் வந்த சலுகை, பதவியால் வந்த சலுகை, திருமணத்தால் வந்த சலுகை. மூன்றும் உலகத்தை மூன்று விதமாகக் காட்டும். வரலாற்றில் இதற்குத் தெளிவான மாதிரிகள் உண்டு.

வட கொரியாவின் 'சொங்புன்' முறையில், ஒருவரின் தாத்தா ஜப்பானிய ஆதிக்கக் காலத்திலும் கொரியப் போரிலும் எந்தப் பக்கம் இருந்தார் என்பது பேரனின் இடத்தைத் தீர்மானிக்கிறது. மையத்தில் இருப்போர், ஊசலாடுவோர், பகைவர் என்று மூன்று பெரிய வகுப்புகள். தலைநகர் பியோங்யாங்கில் குடியிருக்கவே அனுமதி வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் மேலே பிறந்தவருக்குத் தன் நிலை சலுகையாகவே தோன்றாது. குடும்பத்தின் நல்ல பெயர் என்று தோன்றும். கீழே இருப்பவரைப் பார்த்தால், 'அவர்கள் குடும்பம் அப்படி' என்று சொல்லி முடித்துவிடுவார்.

சோவியத் ஒன்றியத்தின் 'நோமென்க்ளாத்துரா' வேறு மாதிரி. அது கட்சி ஒப்புதல் வேண்டிய பதவிகளின் பட்டியல். அந்தப் பதவியில் இருக்கும்வரை கார், ஊருக்கு வெளியே ஓய்வு வீடு, தனிக் கடை, தனி மருத்துவமனை. பதவி போனால் எல்லாம் போகும். இங்கே வசதியும் பயமும் ஒரே சாவிக்கொத்தில் இருக்கின்றன.

நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் 1950-ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனப் பிரிவில் பதிவு செய்தது. வெள்ளையர் என்று பதிவானவர் காலையில் எழும்போது அதை இழந்துவிடுவோமோ என்று யோசிக்க வேண்டியதில்லை. அவர் பயந்தால், மற்றவர்கள் எழுந்துவிடுவார்களோ என்றுதான் பயப்படுவார். சோவியத் அதிகாரியின் மனைவிக்கு வரும் பயம் வேறு, இவருக்கு வரும் பயம் வேறு. எழுதும்போது இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

தாராவின் தரம் கணவர் வழியாக வந்தது. அவளே பிறப்பால் இரண்டாம் தரம். அதனால் வரிசையில் நின்ற நினைவு அவளுக்கு உண்டு. அதை யாரிடமும் சொல்வதில்லை. இந்த ஒரு முடிவு கதையின் பாதியை எழுதிக் கொடுத்துவிடும்.

படி 2: வசதியின் அளவைக் குறையுங்கள்

சலுகை என்றதும் மாளிகையும் தங்கத் தட்டும் எழுதத் தோன்றும். உண்மையில் பெரும்பாலான கொடுங்கோல் ஆட்சிகளில் சலுகை மிகச் சாதாரணமான பொருளாக இருந்திருக்கிறது. அதுதான் மனசைத் தைக்கும்.

கிழக்கு ஜெர்மனியின் தலைவர்கள் பெர்லினுக்கு வடக்கே வாண்ட்லிட்ஸ் அருகில் காட்டுக்குள் ஒரு தனிக் குடியிருப்பில் வாழ்ந்தார்கள். 1960-இல் குடும்பங்கள் அங்கே குடியேறின. மொத்தம் 23 வீடுகள், சுற்றிலும் மதில், காவல். வெளியே 'வனவிலங்கு ஆராய்ச்சிப் பகுதி' என்று பலகை. உள்ளே மேற்கத்தியப் பொருள்கள் கிடைக்கும் கடை. 1989 நவம்பரில் தொலைக்காட்சிக் கேமரா உள்ளே போனபோது நாடு கொதித்தது. ஆனால் திரையில் தெரிந்தவை மேற்கு ஜெர்மனியில் ஒரு நடுத்தரக் குடும்பத்து வீட்டிலும் இருக்கக்கூடிய பொருள்கள்தான். பழம், குழாய், குளியலறைச் சாமான். முப்பது வருஷம் மதில் கட்டிப் பாதுகாத்தது இதைத்தான்.

இது எழுத்தாளருக்குப் பெரிய வரம். பாத்திரம் தன்னைப் பணக்காரராக நினைக்கவே வேண்டாம். 'நாங்கள் எளிமையாகத்தான் இருக்கிறோம்' என்று மனசார நம்பலாம். தாராவின் வீட்டில் குழாய் நாள் முழுக்க வரும், அவ்வளவுதான். அவளுடைய குறை, தண்ணீரில் கொஞ்சம் குளோரின் வாடை அடிக்கிறது என்பது. அந்தக் குறையை அவள் உண்மையான எரிச்சலோடு சொல்லட்டும். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போகட்டும். வாசகர் அங்கேயே நின்றுவிடுவார்.

படி 3: அவள் செய்யாதவற்றைப் பட்டியலிடுங்கள்

கதைக்குள் வராத ஒரு தாளில் எழுதுங்கள். வரிசையில் நிற்பதில்லை. அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நடப்பதில்லை. கதவு தட்டப்பட்டால் குழந்தையைப் பார்ப்பதில்லை. பேசும் முன் அறையைச் சுற்றிப் பார்ப்பதில்லை. அல்லது பார்க்கிறாள், ஆனால் வேறு காரணத்துக்காக.

கதை எழுதும்போது இந்தச் செயல்களை மற்றவர்கள் செய்வதை அவள் கவனிக்க வேண்டும், தவறாகப் புரிந்துகொள்ளவும் வேண்டும். வேலைக்கார அம்மா தண்ணீர்ப் பாத்திரத்தை இரண்டு முறை கவிழ்த்துச் சொட்டு வடிப்பதைப் பார்த்து, 'இவர் எவ்வளவு சுத்தம்' என்று தாரா நினைக்கிறாள். இப்படி நாலு இடம் போதும். விளக்கம் வேண்டாம்.

படி 4: அவளுக்கென்று சொற்களைக் கொடுங்கள்

ஒவ்வொரு ஆட்சியும் தன் குற்றங்களுக்கு அலுவலகப் பெயர் வைத்துவிடுகிறது. நாஜி ஆவணங்களில் கொலைக்குச் 'சிறப்பு நடவடிக்கை' என்று பெயர். சோவியத் ஒன்றியத்தை ஸ்டாலின் ஆண்ட காலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் குடும்பத்துக்குச் சொல்லப்பட்டது, 'கடிதத் தொடர்பு உரிமையற்ற பத்தாண்டுச் சிறை'. தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத்தவரைக் கட்டுப்படுத்திய துறைக்கு 1979-இல் 'ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சித் துறை' என்று பெயர் மாற்றினார்கள்.

இங்கே பலரும் சறுக்குவது, இந்தச் சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டுக் காட்டுவதில்தான். மேற்கோள் குறி போட்டால், இது பொய் என்று கதாசிரியர் வாசகரிடம் தனியாகச் சொல்வதாகிவிடும். பாத்திரத்துக்கு அது வழக்கமான வார்த்தை. தாராவின் நகரத்தில் குடும்பங்களை இரவில் ஏற்றிக்கொண்டு போவதற்கு 'இடமாற்றம்' என்று பெயர் என்றால், அவள் அதை அரசு ஊழியர் மாறுதலைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்லட்டும். 'பன்னிரண்டாம் தெருவில் மூன்று இடமாற்றம். வீடுகள் காலியாகத்தான் இருக்கின்றன, என் தங்கைக்குக் கேட்டுப் பார்க்கலாம்.' இந்த இரண்டு வாக்கியத்தில் அவள் யார் என்பது முழுக்க வந்துவிட்டது.

படி 5: நியாயங்களை அடுக்கடுக்காக வையுங்கள்

இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள். மற்ற எல்லாம் சரியாக வந்து இது தவறினால் பாத்திரம் அட்டைப் பொம்மையாகிவிடும்.

மனிதர்கள் ஒரே ஒரு நியாயத்தோடு வாழ்வதில்லை. ஒன்று உடைந்தால் பின்னால் இன்னொன்று தயாராக இருக்கும். முதலில், அப்படி எதுவும் நடக்கவில்லை. அப்புறம், நடக்கிறது, ஆனால் பெரிதுபடுத்துகிறார்கள். அப்புறம், அவர்கள் ஏதோ செய்திருப்பார்கள். அதற்கும் பிறகு, தலைவருக்கு இது தெரியாது, கீழே இருப்பவர்கள் செய்கிற வேலை. கடைசியில், நான் இந்த இடத்தில் இல்லையென்றால் என்னைவிட மோசமான ஒருவர் வந்து உட்காருவார்.

மூன்றாவது நியாயம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு உளவியலில் ஒரு பழைய சோதனை உண்டு. 1966-இல் மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் வெளியிட்டது. ஒரு பெண் மின் அதிர்ச்சி வாங்குவது போன்ற காட்சியை மற்றவர்கள் பார்த்தார்கள். அதிர்ச்சி உண்மையில் கொடுக்கப்படவில்லை. பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. அந்த வேதனை தொடரப் போகிறது, தங்களால் நிறுத்த முடியாது என்று ஆனபோது, அவர்கள் அந்தப் பெண்ணையே குறைவாக மதிப்பிடத் தொடங்கினார்கள். உலகம் நியாயமானது என்று நம்ப வேண்டுமானால், அடிபடுபவர் அதற்குத் தகுதியானவராக இருந்தாக வேண்டும். லெர்னர் பின்னாளில் இந்த நம்பிக்கையை விரிவாக ஆராய்ந்தார்.

இதில் எழுத்தாளர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: இந்தப் பார்வையாளர்கள் கொடியவர்கள் இல்லை. உதவ முடியாத நிலைதான் அவர்களை அங்கே கொண்டு போனது. ஆகவே தாரா இளகிய மனசுக்காரியாக இருந்தால் நியாயங்கள் குறையாது, கூடும். கல் மனசுக்காரருக்கு நியாயமே தேவையில்லை.

இனி, ஒவ்வொரு நியாயத்தையும் ஒரு குறிப்பிட்ட நாளோடு கட்டுங்கள். தாரா எந்த நாளில் 'நடக்கவில்லை' என்பதிலிருந்து 'பெரிதுபடுத்துகிறார்கள்' என்பதற்கு மாறினாள்? பக்கத்து வீட்டு மாடியில் துணி மூன்று நாளாக எடுக்கப்படாமல் கிடந்த நாளாக இருக்கலாம். மாறியது அவளுக்கே தெரியக்கூடாது. எப்போதும் இப்படித்தான் நினைத்து வந்தோம் என்று அவள் நம்புவாள்.

படி 6: கையை அழுக்காக்குங்கள்

சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் பாத்திரத்துக்கு எடை இருக்காது. சின்னதாக, அலுவலகத்தனமாக ஒரு வேலை கொடுங்கள். அந்த வேலையில் அவள் திறமைசாலியாக இருக்கட்டும். தாராவுக்கு வருகைப் பதிவேடு.

முதல் வரைவில் பலர் எழுதுவது இப்படி இருக்கும்:

தாரா ஜன்னல் வழியே பார்த்தாள். இந்தக் கொடூர ஆட்சியில் எத்தனை குடும்பங்கள் அழிகின்றன என்று நினைத்தபோது நெஞ்சு கனத்தது. ஆனால் தனி ஒருத்தி என்ன செய்ய முடியும்?

இதில் அவள் கதாசிரியருக்காக யோசிக்கிறாள். அதே இடத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

பதினேழாம் எண் காலியாகிவிட்டது. வருஷ நடுவில் ஒரு பெயரை எடுத்தால் கீழே இருக்கும் எல்லா எண்ணையும் மாற்ற வேண்டும், அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இது எங்கே புரியப் போகிறது. தாரா ஸ்கேலை வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தாள். கோடு நேராக வந்தது. பதினெட்டு பதினேழானான், பத்தொன்பது பதினெட்டானாள். கடைசி எண் வரை வந்ததும் மை உலரட்டும் என்று ஊதிவிட்டு, காலி நாற்காலியைப் பின் வரிசைக்கு நகர்த்தச் சொன்னாள். இரண்டு பையன்கள் எதுவும் கேட்காமல் நகர்த்தினார்கள்.

எங்கும் தீர்ப்பு இல்லை. எரிச்சல் இருக்கிறது, வேலைத்திறன் இருக்கிறது. கேட்கக் கூடாது என்று அந்தப் பையன்களுக்கும் தெரிந்திருப்பதை வாசகர் கவனிப்பார்.

படி 7: பயம் எங்கே குடியிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

மாஸ்கோவில் சோவியத் ஆட்சியின் தலைமையிடமான கிரெம்ளினுக்கு எதிரே, ஆற்றங்கரையில் ஒரு பெரிய குடியிருப்பு 1931-இல் கட்டி முடிக்கப்பட்டது. 505 வீடுகள். உள்ளேயே நாடகக் கொட்டகை, சினிமா, கடை, சலவையகம். நாட்டின் மேல்தட்டு முழுக்க அங்கே இருந்தது. வீட்டிலிருந்த நாற்காலி, மேசை எல்லாம் அரசுடையது. ஒவ்வொன்றிலும் இருப்பு எண் பொறித்த தகடு. 1930-களில் ஸ்டாலின் தன் கட்சியினரையே கைது செய்து கொன்ற களையெடுப்பில் அங்கே வசித்தவர்களில் ஏறத்தாழ 800 பேர் அடக்குமுறைக்கு ஆளானார்கள்.

அந்தத் தகடு பற்றி யோசியுங்கள். ஒவ்வொரு நாளும் உட்காரும் நாற்காலியின் அடியில், இது உன்னுடையதில்லை என்று எழுதியிருக்கிறது. பாத்திரத்தின் பயத்துக்கு இதைப் போல ஒரு பொருள் வேண்டும். 'அவள் பயந்தாள்' என்று எழுதுவதைவிட, தாரா தண்ணீர் மீட்டரின் மேல் ஒரு பூந்தொட்டியை வைத்து மறைத்திருக்கிறாள் என்று எழுதுவது அதிகம் சொல்லும்.

பயம் விசுவாசத்தைக் குறைக்கும் என்று நினைக்காதீர்கள். சோவியத் வெளியுறவு அமைச்சராக இருந்த மோலோட்டோவின் மனைவி போலினா ஜெம்சூஜினா 1949 தொடக்கத்தில் கைதானார். அதற்குச் சற்று முன் அவரைக் கட்சியிலிருந்து நீக்கும் வாக்கெடுப்பில் கணவர் நடுநிலை வகித்தார். பிறகு அது தவறு என்று ஸ்டாலினுக்கு எழுதினார். மனைவி நாட்டின் தொலைதூரப் பகுதிக்கு அனுப்பப்பட்டிருந்த காலத்திலும் அவர் தலைமைக் குழுவில் தொடர்ந்தார். 1953-இல் ஸ்டாலின் இறந்தபின் போலினா விடுதலையானார். அதற்குப் பிறகும் தன் கடைசிக் காலம்வரை அவர் ஸ்டாலின் மீது பற்று வைத்திருந்தார்.

இதைக் கற்பனையாக எழுதினால் நம்ப முடியவில்லை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் உள்ளே இருந்து பார்த்தால் புரியும். வாழ்நாள் முழுக்கக் கொடுத்தது வீண் என்று ஒப்புக்கொள்வதைவிட, தன் விஷயத்தில் மட்டும் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நம்புவது எளிது.

படி 8: கீழே இருப்பவரோடு ஓர் உறவை வையுங்கள்

ஒரே ஒரு உறவு போதும், ஆனால் முழுமையாக எழுதுங்கள். நிறவெறிக் காலத் தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் வீட்டுக் குழந்தைகளை வளர்த்தது பெரும்பாலும் கொல்லைப்புற அறையில் தங்கியிருந்த கறுப்பினப் பெண்கள். நகரத்தில் யார் இருக்கலாம் என்பதை 1986 வரை நீடித்த பாஸ் சட்டங்கள், அதாவது கறுப்பினத்தவர் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற சட்டங்கள், கட்டுப்படுத்தியதால், அந்தப் பெண்களின் சொந்தக் குழந்தைகள் பலர் தொலைவில் பாட்டிகளிடம் வளர்ந்தார்கள். வீட்டுக்காரர்கள் பலர், 'எங்கள் குடும்பத்தில் ஒருத்தி' என்று அன்போடு சொன்னார்கள். அந்த அன்பு பொய் என்று எழுதாதீர்கள். உண்மையான அன்பு என்று எழுதினால்தான் கனம் கூடும்.

அறிவு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் காட்டுங்கள். வேலைக்கார அம்மாவுக்குத் தாராவின் மருந்து, மாதக் கணக்கு, சண்டை எல்லாம் தெரியும். தாராவுக்கு அந்த அம்மா எங்கே போய்த் தண்ணீர் பிடிக்கிறார் என்றுகூடத் தெரியாது. ஒருநாள் தாரா அன்பளிப்பாக இரண்டு பாட்டில் தண்ணீர் கொடுத்தனுப்புகிறாள். தரத்துக்கு மீறித் தண்ணீர் வைத்திருப்பது குற்றம் என்பதால் அந்த அம்மா அதை வழியிலேயே கொட்ட வேண்டியிருக்கிறது. தாராவுக்கு இது தெரியாது. அடுத்த நாள் நன்றியை எதிர்பார்க்கிறாள். அந்த அம்மாவும் நன்றி சொல்கிறார்.

படி 9: விரிசல், ஆனால் அவசரமில்லை

ஒரு காட்சியில் பிணத்தைப் பார்த்துவிட்டு அடுத்த காட்சியில் போராளியாவது நடப்பதில்லை. விரிசல் பெரும்பாலும் சுயநலமான இடத்தில் விழும். தாராவின் தங்கை கேட்ட காலி வீடு கிடைத்துவிடுகிறது. அங்கே அலமாரிக்குப் பின்னால் பதினேழாம் எண் பையனின் கணக்கு நோட்டு இருக்கிறது, அவளே திருத்திய நோட்டு, அவள் கையெழுத்தோடு. அவளுக்கு முதலில் வருவது இரக்கம் இல்லை. தன் கையெழுத்து இங்கே இருக்கிறதே என்ற பதற்றம். இரக்கம் பின்னால் வரலாம், வராமலும் போகலாம்.

அவள் நோட்டை எரிக்கிறாளா, வைத்துக்கொள்கிறாளா என்பது உங்கள் கதை. எரித்தால் அது தோற்ற கதை என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானவர்கள் எரித்திருப்பார்கள். அதை நேர்மையாக எழுதும் கதைக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன். வைத்துக்கொண்டால், எங்கே ஒளிக்கிறாள், எத்தனை முறை இடம் மாற்றுகிறாள், யாரிடம் முதல் பொய் சொல்கிறாள் என்று மெதுவாகப் போங்கள்.

படி 10: யார் சொல்கிறார்கள்?

தன்மையில் எழுதினால், அதாவது 'நான்' என்று, நியாயங்கள் நேரடியாகக் கேட்கும். வாசகர் அவளோடு ஒத்துப்போய்விட்டுப் பிறகு திடுக்கிடுவார். ஆனால் யாருக்காக, எப்போது எழுதுகிறாள் என்பதற்குப் பதில் வேண்டும். ஆட்சி விழுந்தபின் எழுதுகிறாள் என்றால், ஒவ்வொரு வரியும் தற்காப்பாகிவிடும். அதுவும் சுவையானதே, ஆனால் வேறு கதை. படர்க்கையில், அவள் தோளுக்குப் பின்னால் நின்று எழுதுவது புதியவர்களுக்கு எளிது. அவள் பார்வைக்கு எட்டாதது எதையும் சொல்லாமல் இருக்கும் கட்டுப்பாடு மட்டும் வேண்டும்.

படி 11: திருத்தம்

வரைவை அச்செடுத்து, ஆட்சியைப் பற்றி அவள் தீர்ப்புச் சொல்லும் எல்லா வரிகளையும் அடிக்கோடிடுங்கள். கொடூரம், அநியாயம், அடக்குமுறை போன்ற சொற்கள் அவள் மனசுக்குள் வந்தால் சந்தேகப்படுங்கள். அவள் நகரத்தில் அந்தச் சொற்கள் எதிரி நாட்டைப் பற்றிப் பேச மட்டுமே பயன்பட்டிருக்கும்.

அப்புறம், அவள் ஒருமுறையாவது வாய்விட்டுச் சிரிக்கிறாளா என்று பாருங்கள். பிறந்தநாள், பாட்டு, கணவரோடு சின்னச் சண்டை, புது மாணவியின் அழகான கையெழுத்து. மகிழ்ச்சி இல்லாமல் எழுதினால் வாசகர் அவளைத் தன்னிடமிருந்து விலக்கி வைத்துவிடுவார், அந்த வீட்டில் தானும் இருந்திருக்கலாம் என்ற எண்ணமே வராது.

கடைசியாக, கதையை ஒருவரிடம் படிக்கக் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த இடம்வரை அவள் பக்கம் இருந்தீர்கள்? பதில் முதல் பக்கம் என்றால் நீங்கள் அவளை முன்கூட்டியே தண்டித்துவிட்டீர்கள். கடைசிப் பக்கம்வரை என்றால் எங்கோ மறைக்கக் கூடாததை மறைத்திருக்கிறீர்கள். பதிவேட்டுக் காட்சிக்கும் கணக்கு நோட்டுக்கும் நடுவில் எங்காவது என்றால், அவர் விரல் வைத்துக் காட்டும் அந்த வரியை மட்டும் மறுபடி மறுபடி செதுக்குங்கள்.